தேவ்லாலி ஆசிரியர் கப்ரேக்கர்

மும்பையினின்று நாசிக் வழியாக வடக்கே செல்லும் இருப்புப் பாதையில், இகத்புரியைக் கடந்தபின் தேவ்லாலி என்றொரு நிலையம் வரும். இராணுவ முகாமினால் பெயர் பெற்ற ஊர் அது. நம்மவர் பலர் அவ்வழியே எத்தனையோ முறை பயணம் செய்திருப்பர். அவ்வூரின் பெயர் கணித உலகில் நிலைத்துவிட்டதென்பதை அறிந்தோர் சிலரே. 1930 முதல் 1962 வரை அங்கே பள்ளி ஆசிரியராய்ப் பணியாற்றிய தத்தாத்ரேய இராமச்சந்திர கப்ரேக்கர் என்பவரே அதற்குக் காரணம். நாம் குடியேறி வாழும் இம்மராத்திய நாட்டின் மைந்தர் அவர். எனினும் தம் கண்டுபிடிப்புகளுள் தலையாயதை அவர் முதன்முதல் அவையில் எடுத்துரைத்தது நம் சென்னை மாநகரில். ஆதலின் நம் சங்க மலரில் அன்னாரின் வரலாறு இடம்பெறுதல் பொருத்தமே.

கப்ரேக்கர் 1905 ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 17 ஆம் நாள், மும்பைக்கு வடக்கே கடலோரத்திலுள்ள தஹாணுவில் பிறந்தார். எட்டு வயதில் தாயை இழந்தார். வளர்த்த தந்தையார் ஓர் எழுத்தர். சோதிடத்தில் மிக்க ஈடுபாடு கொண்டவர். கோள்களின் நிலையைக் கணிக்கக் கூட்டலும் பெருக்கலும் ஓயாது வேண்டுமன்றோ? அக்கணக்குகள் சிறுவனின் மனத்தைப் பற்றிக்கொண்டன. சோதிடம் போயிற்று, எண் நின்றது. தாணாவில் பள்ளிப் படிப்பை முடித்து, 1923 இல் புனே பெர்குஸன் கல்லூரியில் சேர்ந்தார். 1927 இல், சொந்தமாகச் செய்த கணித ஆய்வுக்கென வழங்கப்படும் பராஞ்சபே பரிசு அவருக்குக் கிடைத்தது. 1929 இல் பட்டம் பெற்றார். அதற்குமேல் அவர் படிக்கவில்லை. மேற்பட்டமோ, ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியரோ அவருக்கு வாய்த்ததில்லை. மறு ஆண்டே தேவ்லாலிப் பள்ளியில் ஆசிரியரானார்.

பகலில் பிள்ளைகளுக்குப் பாடம். எஞ்சிய பொழுதெல்லாம் எண்கள். இவ்வாறே அவர் வாழ்நாள் கழிந்தது. அவர் கையாண்ட கணிதத்திற்குப் பெரிய நூலகம் வேண்டியதில்லை. கூட்டல், கழித்தல், பெருக்கல் அறிந்த எவரும் ஒரு துண்டுத் தாளும் பென்சிலும் கொண்டு அதனுள் நுழையலாம். மெட்ரிகுலேஷனோடு கல்வியை நிறுத்திய நானே நுழைந்து பார்த்தேன் என்றால் வேறென்ன சான்று வேண்டும்?

அவர் கண்டது இது. நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்துக்கொள்க. நான்கு இலக்கங்களும் ஒன்றாகவே இருத்தல் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. இலக்கங்களைப் பெரியது முதலாகவும், பின்பு சிறியது முதலாகவும் வரிசைப்படுத்தி, பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழிக்க. வந்த விடையை மீண்டும் அவ்வாறே செய்க. அவர் பிறந்த ஆண்டாகிய 1905 ஐயே எடுத்துக்கொள்வோம். 9510 இல் 0159 போக 9351. 9531 இல் 1359 போக 8172. 8721 இல் 1278 போக 7443. 7443 இல் 3447 போக 3996. 9963 இல் 3699 போக 6264. 6642 இல் 2466 போக 4176. 7641 இல் 1467 போக 6174. இனி 7641 இல் 1467 ஐக் கழித்தால் மீண்டும் 6174 தான். அங்கே வண்டி நின்றுவிடுகிறது. எந்த எண்ணில் தொடங்கினும், ஏழு கழித்தலுக்கு மேற்படாமல் இந்த 6174 இல் வந்து சேர்ந்தே தீரும்.

முதன்முறை இதனைக் கேள்வியுற்றபோது நான் நம்பவில்லை. ஓர் இரவு முழுதும் மனம் போனபடி எண்களை எடுத்துக் கழித்துப் பார்த்தேன். இரண்டு முறை வேறு விடை வந்தது. இரண்டு முறையும் பிழை என்னுடையதே.

இது மாயமன்று, காரணம் உண்டு. கணக்கேடு எழுதும் எழுத்தர் அனைவரும் ஒரு சூழ்ச்சி அறிவர். இரு பக்கக் கூட்டுத்தொகையும் ஒத்துவராமல், வேறுபாடு 9 ஆல் மீதியின்றி வகுபடுமாயின், எங்கோ இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதிவிட்டோம் என்று ஐயுறுவோம். 54 ஐ 45 என்று எழுதினால் வேறுபாடு 9 ஆகும். கப்ரேக்கரின் கழித்தலும் இலக்கங்களை இடம் மாற்றிக் கழிப்பதேயாதலால், விடை எப்போதும் 9 ஆல் வகுபடும். இன்னும் ஒரு படி மேலே செல்லலாம். நான்கு இலக்கங்களுள் மிகப் பெரியதற்கும் மிகச் சிறியதற்கும் உள்ள வேறுபாட்டை 999 ஆலும், நடுவிலுள்ள இரண்டின் வேறுபாட்டை 90 ஆலும் பெருக்கிக் கூட்டினால் கழித்தலின் விடை கிடைத்துவிடும். 1905 இல் முதல் வேறுபாடு 9, இரண்டாவது 4. 8991 உடன் 360 சேர 9351. இவ்விரு வேறுபாடுகளும் அமையக்கூடிய வகைகள் மொத்தம் 54 தாம். ஆகவே ஏறத்தாழப் பதினாயிரம் எண்களும் முதற் கழித்தலிலேயே 54 எண்களுக்குள் ஒடுங்கிவிடுகின்றன. பல ஊர்களிலிருந்து வரும் கிளைப் பாதைகள் ஒரு சந்திப்பில் கூடுவது போன்றதே இது. ஆயினும் எல்லாப் பாதைகளும் 6174 என்னும் ஒரே நிலையத்தில் ஏன் முடிய வேண்டும் என்றால், அந்த 54 ஐயும் ஒவ்வொன்றாய்ச் செய்து பார்த்துத்தான் தெளிய வேண்டும். மூன்று இலக்க எண்களுக்கு 495 என்று இத்தகைய முடிவு உண்டு. இரண்டு இலக்கத்திற்கு இல்லை. அங்கே விடைகள் ஒரு வட்டத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். ஐந்து இலக்கத்திற்கும் அப்படியே.

1949 இல் சென்னையில் நடைபெற்ற கணித மாநாட்டில் அவர் இதனை அறிவித்தார். 1955 இல் அமெரிக்கக் கணித ஏடொன்றில் 6174 ஐப் பற்றி எழுதினார். இன்று அவ்வெண் கப்ரேக்கர் மாறிலி என்றே வழங்கப்படுகிறது.

வேறு பலவும் கண்டார். 45 இன் வர்க்கம் 2025. அதனை இரண்டாய் வெட்டி 20 உம் 25 உம் கூட்டினால் மீண்டும் 45. 55 இன் வர்க்கம் 3025. 30 உம் 25 உம் சேர்ந்து 55. 297 இன் வர்க்கம் 88209. 88 உம் 209 உம் சேர்ந்து 297. இவை கப்ரேக்கர் எண்கள். ஓர் எண்ணுடன் அதன் இலக்கங்களைக் கூட்டிச் சேர்த்தால் மற்றோர் எண் பிறக்கும். 15 உடன் 1 உம் 5 உம் சேர 21. இவ்வாறு எந்த எண்ணிலிருந்தும் பிறவாதவையும் உள. 20 அத்தகையது, 31, 42, 53 ஆகியவையும் அவ்வாறே. பெற்றோரின்றித் தோன்றிய இவற்றை நம் மொழியில் சுயம்பு எண்கள் எனலாம். கப்ரேக்கர் இவற்றிற்குத் தம் ஊரின் பெயரைச் சூட்டித் தேவ்லாலி எண்கள் என்று வழங்குவதையே விரும்பினார்.

இருப்புப் பாதைத் துறையினனாகிய எனக்கு இன்னொன்று தனி மகிழ்ச்சி அளிப்பது. 11 இன் வர்க்கம் 121. 111 இன் வர்க்கம் 12321. 1111 இன் வர்க்கம் 1234321. ஏறி இறங்கும் இவ்வெண்களை அவர் டெம்லோ எண்களின் இனத்தில் சேர்த்தார். மும்பையிலிருந்து சுமார் 30 மைல் தொலைவில் அந்நாளைய ஜி.ஐ.பி. இரயில்வேயில் அமைந்திருந்த டோம்பிவலி நிலையத்தில் அவ்வெண்ணம் உதித்ததால், அந்நிலையத்தின் பெயரே எண்ணுக்கு ஆயிற்று. இன்று நம்மவர் ஆயிரக்கணக்கில் குடியிருக்கும் ஊரல்லவா அது! அந்நிலைய மேடையில் வண்டிக்குக் காத்திருப்போர் இதனை நினைவிற்கொள்வாராக.

ஆயினும் அந்நாளில் நம் நாட்டுக் கணித அறிஞர் பலர் இவற்றை விளையாட்டு என்று நகைத்து ஒதுக்கினர். அவர்களை முற்றும் குறைகூற இயலாது. 6174 இன் வியப்பெல்லாம் நாம் பத்துப் பத்தாக எண்ணும் வழக்கத்தைச் சார்ந்தது. வேறு முறையில் எண்ணும் மக்கள் இருப்பின் அவர்களுக்கு இவ்வெண்ணில் தனிச்சிறப்பு எதுவும் இராது. பெருங்கணிதத்தின் மாளிகையில் இது ஒரு தூணன்று. ஆனால் அம்மாளிகையின் வாயிலருகே சென்று நிற்கும் துணிவைக்கூட என்போன்றோர்க்கு வேறெவர் அளித்தனர்? கப்ரேக்கரோ நகைப்பைப் பொருட்படுத்தவில்லை. சிறு நூல்களைத் தாமே அச்சிட்டு வெளியிட்டார். அழைத்த கல்லூரிகளுக்குச் சென்று பேசினார். தம் இலக்கங்களின் கூட்டுத்தொகையால் மீதியின்றி வகுபடும் எண்களுக்கு மகிழ்ச்சி தருவன என்னும் பொருளில் ஹர்ஷத் என்று பெயரிட்டவர் அவர். 1 உம் 2 உம் சேர்ந்து 3. 12 மூன்றால் வகுபடும். இராமானுஜனால் புகழ்பெற்ற 1729 உம் அத்தகையதே: இலக்கங்களின் கூட்டுத்தொகை 19, 19 ஐ 91 ஆல் பெருக்க 1729.

1962 இல் ஓய்வு பெற்றார். 1966 இல் மனைவியார் மறைந்தார். ஓய்வூதியம் வாழ்க்கைக்குப் போதாமையால், முதுமையிலும் கணிதமும் விஞ்ஞானமும் தனிப்பாடம் சொல்லிப் பிழைக்க நேர்ந்தது. 1975 மார்ச்சில் மார்ட்டின் கார்ட்னர் என்னும் அமெரிக்க எழுத்தாளர், சயன்டிபிக் அமெரிக்கன் இதழில் தாம் எழுதிவந்த பகுதியில் இவரைப் பற்றி எழுதினார். உலகம் திரும்பிப் பார்த்தது அப்போதுதான். கப்ரேக்கருக்கு அப்போது வயது 70. தேவ்லாலிப் பள்ளியில் அவர் முதல் பாடம் எடுத்து 45 ஆண்டுகள் ஆகியிருந்தன.

1986 ஆம் ஆண்டு தேவ்லாலியிலேயே அவர் காலமானார். இக்கட்டுரையை எழுதும்போது அந்த ஆண்டையும் எடுத்துக் கழித்துப் பார்த்தேன். 8172, 7443, 3996, 6264, 4176. ஆறாவது கழித்தலில் 6174.