ஜூலியோ பிட்சோசெரோ

ஜூலியோ பிட்சோசெரோ (மார்ச் 20, 1846 – ஏப்ரல் 8, 1901) இத்தாலி நாட்டைச் சேர்ந்த மருத்துவர், நோயியல் அறிஞர், இழையவியலாளர் ஆவார். குருதியில் செவ்வணு, வெள்ளணு ஆகியவற்றோடு மூன்றாவதாகத் தட்டணு என்னும் தனிக்கூறு ஒன்று உண்டு என்பதையும், காயமடைந்த குருதிக்குழாயை முதலில் அடைப்பது அதுவே என்பதையும் செய்முறைகளால் நிறுவியவர் இவர். எலும்பு மச்சையில் குருதியணுக்கள் தோன்றுவதைக் கண்டறிந்த இருவருள் ஒருவராகவும் அறியப்படுகிறார். தட்டணு செறிந்த பிளாஸ்மாவைக் கொண்டு மூட்டுத் தேய்வு முதலியவற்றுக்கு அளிக்கப்படும் சிகிச்சையில் எத்தனை தட்டணுக்கள் செலுத்தப்பட வேண்டும் என்ற கேள்வி, இவர் எதிர்கொண்ட அதே இடர்ப்பாட்டின் மீதே நிற்கிறது.

இளமையும் கல்வியும்

வட இத்தாலியில் லொம்பார்டிப் பகுதியில் உள்ள வரேசே நகரில் பிட்சோசெரோ பிறந்தார். பவியா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1866ஆம் ஆண்டில், தமது இருபதாம் வயதில் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் ஆஸ்திரியாவுக்கு எதிராக இத்தாலி போரில் இறங்கியது. கரிபால்டியின் தன்னார்வப் படையில் மருத்துவராகச் சேர்ந்து பணியாற்றினார். பின்னர் சூரிக் நகரில் என்றிக் ஃபிரையிடமும், பெர்லினில் ருடால்ஃப் விர்ச்சோவிடமும் பயிற்சி பெற்றார். நோய் என்பது உடலின் உயிரணுக்களில் நிகழும் மாற்றமே என்ற விர்ச்சோவின் கொள்கை அக்காலத்தில் ஐரோப்பிய மருத்துவத்தைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தது. நுண்நோக்கியை நம்பிய அக்கொள்கையை இத்தாலியில் வேரூன்றச் செய்தவர்களுள் பிட்சோசெரோ முதன்மையானவர்.

பவியாவில் பொது நோயியலைக் கற்பித்துவந்த பாவோலோ மாந்தெகாத்சாவுக்கு மாற்றாக வகுப்பெடுக்கத் தொடங்கியபோது இவருக்கு வயது 21. இவரிடம் இழையவியல் கற்க வந்தவர்களுள் ஒருவர் கமில்லோ கொல்சி. மாணவரான கொல்சி, ஆசிரியரைவிட மூன்று ஆண்டு மூத்தவர். நரம்பணுக்களைக் கருநிறத்தில் துலக்கிக் காட்டும் சாயமுறையைக் கண்டு பின்னாளில் புகழ்பெற்ற அவர், 1877இல் பிட்சோசெரோவின் உறவுப் பெண்ணான லீனா அலெத்தியை மணந்தார்.

எலும்பு மச்சை ஆய்வு

செவ்வணுக்கள் எங்கே பிறக்கின்றன என்பது 1860களில் விடை காணப்படாத வினாவாக இருந்தது. கல்லீரல், மண்ணீரல், நிணநீர் முடிச்சுகள் எனப் பல உறுப்புகள் சுட்டப்பட்டன. எலும்பினுள் இருக்கும் மச்சையை வெறும் கொழுப்பு நிரப்பியாகவே பலரும் எண்ணினர். 1868இல் கோனிக்ஸ்பெர்க் நகரில் எர்னஸ்ட் நாய்மன் என்பவரும், பவியாவில் பிட்சோசெரோவும் தனித்தனியே மச்சையை ஆராய்ந்து, உட்கரு கொண்ட இளம் செவ்வணுக்கள் அங்கே இருப்பதைக் கண்டனர். பிட்சோசெரோ வெள்ளணுக்களும் மச்சையில் உருவாவதாகக் கூறினார்.

அந்த ஆய்வின்போதே மச்சையில் பல மடிப்புகளாகப் புடைத்த உட்கருவைக் கொண்ட பேரணுக்களையும் இவர் கண்டு விவரித்தார். அவற்றின் பணி என்ன என்பது தெரியவில்லை. இப்பேரணுக்களே தட்டணுக்களின் தாய் என்பதை 1906இல் பாஸ்டன் நகரின் ஜேம்ஸ் ஹோமர் ரைட் அறிவித்தபோது பிட்சோசெரோ உயிருடன் இல்லை. தாயையும் சேயையும் தனித்தனியே கண்டவர் உறவை அறியாமலே மறைந்தது மருத்துவ வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று எனலாம்.

துரின் நகரில்

1870களின் முற்பகுதியில் துரின் பல்கலைக்கழகத்தின் பொது நோயியல் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். இறக்கும்வரை துரினே இவரது பணியிடமாக இருந்தது. அங்கு இவர் அமைத்த ஆய்வகம் இத்தாலியின் பல பகுதிகளிலிருந்தும் இளம் மருத்துவர்களை ஈர்த்தது. 1876இல் மருத்துவ அறிவியலுக்கென ஓர் ஆய்விதழைத் தொடங்கினார். மருத்துவர்கள் நோயாளியின் குருதி, சிறுநீர், சளி ஆகியவற்றை நுண்நோக்கியில் ஆராய்வதற்கான கையேடு ஒன்றை 1879இல் வெளியிட்டார். இது பிற ஐரோப்பிய மொழிகளிலும் பெயர்க்கப்பட்டது. குருதியின் செந்நிறப் பொருளை அளக்க ஒரு சிறு கருவியையும் வடிவமைத்தார். குருதியைக் கண்ணால் பார்ப்பதோடு நில்லாது அளக்கவும் வேண்டும் என்ற எண்ணம் இவரது பணி முழுவதிலும் காணப்படுகிறது.

தட்டணுக்களைக் கண்டறிதல்

தட்டணுக்களை முதன்முதலில் பார்த்தவர் பிட்சோசெரோ அல்லர். 1865இல் ஜெர்மனியின் மாக்ஸ் ஷுல்ட்சே, குருதியில் நிறமற்ற சிறு மணிகளும் அவற்றின் திரள்களும் இருப்பதை விவரித்திருந்தார். 1870களில் இலண்டனில் பயிற்சி பெற்றுவந்த வில்லியம் ஆசுலர், இவை குழாய்க்குள் தனித்தனியே ஓடுகின்றன, வெளியே எடுத்ததும் திரள்கின்றன என்பதைக் கண்டார். எனினும் அவை குருதியின் கூறா, வேறு நுண்ணுயிரா என்ற ஐயம் அவருக்குத் தீரவில்லை. பிரான்சின் ஜார்ஜ் ஹாயெம் இவற்றைச் செவ்வணுக்களின் இளநிலை எனக் கருதினார். பார்த்தவர் பலர் இருந்தும், பார்த்தது இன்னதெனத் துணிந்தவர் இல்லை.

இதற்குக் காரணம் தட்டணுவின் இயல்பே ஆகும். அதன் விட்டம் இரண்டு முதல் மூன்று மைக்ரோமீட்டர் மட்டுமே. செவ்வணுவின் விட்டத்தில் இது பாதிக்கும் குறைவு. உட்கரு கிடையாது. கண்ணாடியையோ உலோகத்தையோ தொட்டவுடன் வடிவம் மாறி, முட்கள் நீட்டி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஊசியால் குத்தி எடுத்த துளியைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி நுண்நோக்கியின் கீழ் வைப்பதற்குள் அது உருமாறிவிடும். ஆகவே ஆய்வாளர் கண்டதெல்லாம் சிதைந்த எச்சங்களையே.

பிட்சோசெரோ குருதியை வெளியே எடுக்காமலே பார்க்க முடிவு செய்தார். மயக்கமூட்டப்பட்ட முயல், கினிப்பன்றி ஆகியவற்றின் குடலைத் தாங்கும் மெல்லிய சவ்வை நுண்நோக்கியின் கீழ் விரித்து, அதன் நுண்குழாய்களில் ஓடும் குருதியை உற்றுநோக்கினார். அங்கே செவ்வணுக்களுக்கும் வெள்ளணுக்களுக்கும் இடையே நிறமற்ற மெல்லிய தட்டுகள் ஒட்டாமல் தனித்தனியே மிதந்து சென்றன. வெளியே எடுத்த குருதியைக் காண வேண்டியபோது, மெத்தில் வயலெட் சாயம் கலந்த உப்புநீரில் உடனே விழச் செய்து தட்டுகளின் வடிவைக் காத்தார். அவற்றுக்கு இத்தாலிய மொழியில் சிறு தட்டுகள் எனப் பொருள்படும் பெயரையே இட்டார். ஆங்கிலத்தின் பிளேட்லெட், தமிழின் தட்டணு ஆகிய சொற்களும் அதே உருவகத்தைத் தாங்கியவை.

அடுத்து அவர் செய்ததே அவரது ஆய்வைப் பிறரது ஆய்விலிருந்து வேறுபடுத்துகிறது. நுண்குழாயின் சுவரை ஓரிடத்தில் காயப்படுத்திவிட்டுக் காத்திருந்தார். ஓடிக்கொண்டிருந்த தட்டுகள் காயமடைந்த இடத்தில் ஒட்டத் தொடங்கின. ஒட்டியவற்றின்மேல் மேலும் தட்டுகள் சேர்ந்தன. வெள்ளணுக்கள் பின்னரே அங்கு சிக்கின. குருதிப்போக்கை முதலில் தடுக்கும் அடைப்பு தட்டணுக்களால் ஆனது என்பது அவர் கண்முன்னே நிகழ்ந்தது. அன்று பெரும்பாலோர் குருதி உறைதலுக்கு வெள்ளணுக்களின் சிதைவே காரணம் என்ற டோர்பாட் நகரின் அலெக்சாண்டர் ஷ்மிட்டின் கருத்தை ஏற்றிருந்தனர். பிட்சோசெரோ குருதியில் நூலை ஆட்டித் தட்டணுக்களை அதன்மேல் ஒட்டவைத்து, அந்நூலை உறையத்தக்க நீர்மத்தில் இட்டபோது அது உறைந்ததையும் காட்டினார்.

இம்முடிவுகள் 1882இல் விர்ச்சோவின் ஆய்விதழில் ஜெர்மன் மொழியில் விரிவாக வெளிவந்தன. 1883இல் இத்தாலிய மொழியில் நூலாகவும் வந்தது.

எதிர்ப்பும் ஏற்பும்

எதிர்ப்பு உடனே எழுந்தது. கண்டுபிடிப்பின் முதலுரிமை தமக்கே என்றார் ஹாயெம். தட்டணுக்கள் வெள்ளணுக்களின் உடைந்த துண்டுகளே என்றனர் சிலர். அவை ஓடும் குருதியில் இல்லவே இல்லை, வெளியேறும்போது வீழ்படியும் பொருளே என்றனர் வேறு சிலர். இவ்வினாக்கள் வீண்வாதம் அல்ல. தட்டணு என்பது உடலில் இல்லாமல் ஆய்வாளரின் கையால் விளைந்த போலி என்றால், அதன் மீது எழுப்பிய விளக்கம் அனைத்தும் வீழ்ந்துவிடும். வாழும் குழாயில் கண்ட காட்சியே பிட்சோசெரோவின் வலிமையான சான்றாக நின்றது. கார்ல் ஏபெர்ட், கர்ட் ஷிம்மல்புஷ் ஆகியோர் 1880களில் செய்த ஆய்வுகள், குருதிக்கட்டி உருவாவதில் தட்டணுவின் பங்கை உறுதிப்படுத்தின. குருதி உறைதலின் வேதியியலில் இவர் தட்டணுவுக்கு அளித்த பங்கு சற்று மிகையானது என்பது பின்னர்த் தெரியவந்தது. குருதி உறைவதற்குப் பிளாஸ்மாவிலுள்ள பல புரதங்களும் தேவை.

பிற ஆய்வுகள்

உடலின் இழையங்களை, ஓயாமல் புதுப்பிக்கப்படுபவை, தேவை எழும்போது பெருகுபவை, பெருகவே இயலாதவை என மூவகையாகப் பிரித்து 1894இல் உரோமில் கூடிய பன்னாட்டு மருத்துவ மாநாட்டில் விளக்கினார். இப்பகுப்பு மருத்துவப் பாடநூல்களில் நிலைத்துவிட்டது. நாய்களின் இரைப்பைச் சுரப்பிகளில் திருகு வடிவ நுண்ணுயிர்கள் வாழ்வதை 1890களின் தொடக்கத்தில் விவரித்தார். இரைப்பையின் அமிலத்தில் உயிர் எதுவும் வாழாது என்ற நம்பிக்கை ஏறத்தாழ 90 ஆண்டுகள் நீடித்தது. அவ்வகைப் பாக்டீரியா ஒன்றுக்கு 1996இல் இவரது பெயரைத் தழுவியே ஹெலிகோபாக்டர் பிட்சோசெரோனி எனப் பெயரிடப்பட்டது.

கண்நோயும் இறுதிக்காலமும்

நுண்நோக்கியே வாழ்வாக இருந்தவரைக் கண்நோய் தாக்கியது. பிற்காலத்தில் நெடுநேரம் நுண்நோக்கியில் பணியாற்ற இயலாத நிலை ஏற்பட்டது. பார்வை தளர்ந்த நிலையில் அவர் பொது நலவாழ்வின் பக்கம் திரும்பி, தூய குடிநீர், காசநோய், மலேரியா ஆகியவை குறித்துப் பொதுமக்களுக்கும் அரசினருக்கும் எழுதினார். 1890இல் இத்தாலிய மேலவை உறுப்பினராக நியமிக்கப்பட்டிருந்தார். 1901ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் துரினில் நுரையீரல் அழற்சியால் தமது 55ஆம் வயதில் காலமானார். முதல் நோபல் பரிசுகள் வழங்கப்பட்டது அதே ஆண்டு டிசம்பரில்தான். அவரது மாணவர் கொல்சி 1906இல் அப்பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

தட்டணு எண்ணிக்கையும் சிகிச்சை அளவும்

தொட்டால் திரளும் பொருளை எண்ணுவது எளிதன்று. 1950இல் பிரெக்கர், குரோன்கைட் இருவரும் கட்ட வேறுபாட்டு நுண்நோக்கியைப் பயன்படுத்திய பின்னரே தட்டணு எண்ணிக்கை நம்பத்தகுந்ததாயிற்று. நலமான ஒருவரின் குருதியில் ஒரு மைக்ரோலீட்டருக்கு ஒன்றரை இலட்சம் முதல் நான்கரை இலட்சம் தட்டணுக்கள் உள்ளன. இன்றும் சிலரது குருதி, உறைவைத் தடுக்க ஆய்வுக்குழாயில் இடப்படும் வேதிப்பொருளாலேயே திரண்டு, தானியங்கி எண்ணியில் பொய்யான குறைவைக் காட்டுகிறது.

1974இல் தட்டணுக்கள் வெளிவிடும் ஒரு பொருள் உயிரணுப் பெருக்கத்தைத் தூண்டுவது தெரியவந்தது. அடைப்பதோடு ஆற்றவும் செய்யும் அணு என்பதால், நோயாளியின் குருதியைச் சுழற்றிப் பிரித்துத் தட்டணு செறிந்த பிளாஸ்மாவை எடுத்து அவருக்கே செலுத்தும் முறை பரவியது. 1998இல் ராபர்ட் மார்க்ஸ் குழுவினர் தாடை எலும்பு ஒட்டு அறுவைகளில் இதனைப் பயன்படுத்தினர். நோயாளிகளின் சராசரி எண்ணிக்கையான 2,32,000ஐ அவர்கள் 7,85,000 ஆக உயர்த்தியிருந்தனர். பின்னர் மைக்ரோலீட்டருக்குப் பத்து இலட்சம் என்பது ஓர் அளவுகோலாக வழங்கலாயிற்று. ஆனால் கூடக் கூட நன்மை என்பதும் உறுதியன்று. 2004இல் வெளியான முயல் ஆய்வொன்றில் பத்து இலட்சத்தை ஒட்டிய செறிவே எலும்பு வளர்ச்சிக்கு ஏற்றதாக இருந்தது. அதனினும் மிக்க செறிவு தடையாகவும் தோன்றியது.

செறிவு வேறு, அளவு வேறு. செலுத்தப்படும் தட்டணுக்களின் மொத்த எண்ணிக்கை, செறிவையும் பருமனையும் பெருக்கிக் கிடைப்பது. மைக்ரோலீட்டருக்கு இரண்டரை இலட்சம் தட்டணுக்கள் உள்ளவரின் ஒரு மில்லிலீட்டர் குருதியில் 25 கோடி தட்டணுக்கள் இருக்கும். ஒன்றுகூட வீணாகாமல் பிரித்தாலும் ஆயிரம் கோடியைச் சேர்க்க 40 மில்லிலீட்டர் குருதி வேண்டும். நடைமுறையில் ஒரு பகுதி இழக்கப்படுவதால் இன்னும் கூடுதலாகவே எடுக்க நேரும். சிறிதளவு குருதியில் தயாரிக்கும் பெட்டிகளால் இவ்வளவை எட்டவே முடியாது.

2021இல் முழங்கால் மூட்டுத் தேய்வு குறித்து இரண்டு ஆய்வுகள் எதிரெதிர் முடிவுகளைத் தந்தன. ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் நடந்த ஆய்வில் தட்டணுப் பிளாஸ்மா, உப்புநீர் ஊசியைவிட மேலானதாக இல்லை. இந்தியாவில் 150 பேரிடம் நடந்த ஆய்வில், 8 மில்லிலீட்டரில் ஆயிரம் கோடி தட்டணுக்கள் பெற்றவர்கள் ஓராண்டு கழித்தும் ஹையலூரோனிக் அமிலம் பெற்றவர்களைவிட நலமாக இருந்தனர். முதல் ஆய்வில் செலுத்தப்பட்ட தட்டணுக்கள் மிகக் குறைவு என்பது விமர்சகர்களின் வாதம். ஒப்பீட்டுக்கு எடுத்த மருந்தும் நோயாளிகளும் வேறாக இருந்ததால், அளவு ஒன்றே வேறுபாட்டுக்குக் காரணம் என்று இவ்விரண்டை மட்டும் வைத்துத் தீர்ப்பளிக்க இயலாது. தயாரித்த பிளாஸ்மாவை எண்ணாமலே செலுத்திய ஆய்வுகளோ, பலனளித்தாலும் அளிக்காவிட்டாலும், சரியான அளவைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. 2017இல் எலும்பியல் வல்லுநர்கள் வகுத்த குறைந்தபட்சத் தகவல் பட்டியல், நோயாளியின் குருதியிலும் செலுத்தப்படும் பிளாஸ்மாவிலும் உள்ள தட்டணு எண்ணிக்கையை ஆய்வுக்கட்டுரைகளில் தெரிவிக்குமாறு கோருகிறது.