மெழுகு உருளையில் பதிந்த குரல்கள்

பேலா பார்டோக் இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த இசையமைப்பாளர்களுள் ஒருவர். பியானோ வாசிப்பதிலும் வல்லவர். ஐரோப்பாவின் பெருநகர அரங்குகள் பலவும் அவரை அறிந்திருந்தன. ஆயினும், சிற்றூர்களில் உழவர்களின் நடுவே அமர்ந்து அவர்தம் பாடல்களைக் கேட்ட நாள்களையே தம் வாழ்வின் மகிழ்ச்சியான நாள்களாக அவர் கருதினார்.

அவர் 1881ஆம் ஆண்டு மார்ச் 25 அன்று, அன்றைய ஹங்கேரியின் தென்பகுதியில் இருந்த நாஜ்செண்ட்மிக்லோஷ் என்னும் ஊரில் பிறந்தார். வேளாண்மைப் பள்ளி ஒன்றின் தலைவராக இருந்த தந்தை, மகனுக்கு ஏழு வயதானபோது மறைந்தார். அன்னை பவுலா ஆசிரியப் பணியேற்று ஊர் ஊராக மாறிச் சென்று தம் இரு குழந்தைகளையும் வளர்த்தார். பியானோவின் முதற்பாடத்தையும் மகனுக்கு அவரே கற்பித்தார். பார்டோக் பிறந்த ஊர் இன்று ருமேனியாவில் உள்ளது. சிறுவயதில் வாழ்ந்த ஊர்களுள் ஒன்று உக்ரைனிலும் மற்றொன்று ஸ்லோவாக்கியாவிலும் உள்ளன. ஊர்கள் இருந்த இடத்திலேயே இருக்க, நாட்டின் எல்லைக்கோடுகள் மட்டும் இடம் மாறின. இச்செய்தியை மனத்தில் கொண்டு அவர் வாழ்வைப் படித்தல் வேண்டும்.

புடாபெஸ்ட் இசைக்கல்விக் கழகத்தில் பயின்ற காலத்தில் அவர் தீவிர நாட்டுப்பற்றாளராக விளங்கினார். ஆஸ்திரியப் பேரரசின் ஆதிக்கத்தை வெறுத்தார். தேசிய உடையை விரும்பி அணிந்தார். வீட்டில் ஜெர்மன் மொழி பேசலாகாது, ஹங்கேரிய மொழியே பேசவேண்டும் என்று தாயை வற்புறுத்தினார். 1848ஆம் ஆண்டு விடுதலைப் போராட்டத்தின் தலைவர் கொசூத்தின் பெயரில் 1903இல் அவர் படைத்த இசைக்கோவையில், ஆஸ்திரிய நாட்டுப்பண்ணைச் சிதைத்து எள்ளல் தோன்ற அமைத்திருந்தார். இத்தகைய இளைஞர்தாம் பிற்காலத்தில் நாட்டுப்பற்று இல்லாதவர் என்ற பழியைச் சுமக்க நேர்ந்தது.

1904ஆம் ஆண்டு கோடையில், இன்றைய ஸ்லோவாக்கியாவிலுள்ள ஒரு சிற்றூரில் தங்கி அவர் இசைப்பயிற்சி செய்துகொண்டிருந்தார். அவ்வீட்டில் லிடி தோசா என்னும் இளம்பெண் பணிபுரிந்தார். அவர் திரான்சில்வேனியாவைச் சேர்ந்தவர். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும்போது அப்பெண் பாடிய பாட்டு பார்டோக்கின் செவியில் விழுந்தது. அதுவரை அவர் கேட்டிராத இசை அது. அப்பெண்ணை அழைத்துப் பாடச் செய்து குறித்துக்கொண்டார்.

அவருடைய வியப்புக்குக் காரணம் உண்டு. ஹங்கேரிய இசை என்று உலகம் அந்நாளில் போற்றியது, நகர விடுதிகளில் ரோமா இசைக்குழுவினர் வாசித்த இசையையே. அவற்றுட் பெரும்பாலானவை பத்தொன்பதாம் நூற்றாண்டில் படித்தோர் இயற்றிய பாட்டுகள். ஹங்கேரியில் பிறந்த லிஸ்ட் என்னும் பேரிசைஞரே அதனை நாட்டுமக்களின் இசையென நம்பினார். சிற்றூர் உழவர்களிடம் வேறோர் இசை வாழ்ந்துகொண்டிருந்ததை இசைப்புலமையோர் பெரிதும் அறியவில்லை.

1905இல் சோல்டான் கோடாய் என்னும் இசை ஆய்வாளரின் நட்பு பார்டோக்குக்குக் கிடைத்தது. மொழியியலும் கற்றிருந்த கோடாய், பாடல்களை முறைப்படி திரட்டும் வழியை அவருக்குக் காட்டினார். இருவரும் இணைந்து, இருபது நாட்டுப்பாடல்களுக்குப் பியானோ இசை அமைத்து 1906இல் நூலாக வெளியிட்டனர்.

இப்பணிக்கு உற்ற துணையாக அமைந்தது, எடிசன் கண்டறிந்த ஃபோனோகிராஃப் என்னும் ஒலிப்பதிவுக் கருவி. பேலா விகார் என்னும் அறிஞர் 1896 முதலே ஹங்கேரியச் சிற்றூர்களில் அதனைப் பயன்படுத்தி வழிகாட்டியிருந்தார். பாடுபவர், கூம்பு வடிவிலான குழாயின் வாயருகே நின்று பாடவேண்டும். குரலின் அதிர்வு ஓர் ஊசியை அசைக்கும். அவ்வூசி, சுழலும் மெழுகு உருளையின்மீது நுண்ணிய பள்ளத்தைக் கீறிச் செல்லும். அப்பள்ளத்தின் வழியே மீண்டும் ஊசியை ஓட்டினால் பாடிய குரல் ஒலிக்கும். ஓர் உருளையில் சில நிமிடப் பாட்டே அடங்கும். ஒவ்வொரு முறை ஒலிக்கச் செய்யும்போதும் மெழுகு சிறிது தேய்ந்துபோகும். பாட்டைக் காப்பாற்றும் கருவியே பாட்டைச் சிறிது சிறிதாக அழிக்கவும் செய்தது.

கையால் எழுதிக்கொண்டால் போதாதா என்று கேட்கலாம். சிற்றூர்ப் பாடகர் ஒரே பாட்டை இருமுறை ஒரே வகையாகப் பாடுவதில்லை. குரலின் குழைவு, இழுப்பு, திடீர் நிறுத்தம் ஆகியவை ஒரு கணத்தில் தோன்றி மறைபவை. பார்டோக் பதிவுகளை வீட்டில் மெதுவாக ஓடவிட்டு, மிகச்சிறு அசைவையும் இசைக்குறியீட்டில் எழுதினார். பல ஆண்டுகளுக்குப் பின் அதே உருளைகளை மீண்டும் கேட்டுத் தம் இளமைக்காலக் குறிப்புகளைத் திருத்தினார்.

பாடல்கள் எளிதில் கிடைத்துவிடவில்லை. 1907இல் திரான்சில்வேனியாவில் பயணம் செய்தபோது எழுதிய மடல் ஒன்றில், சிற்றூர்ப் பெண்மணி ஒருவருடன் நடந்த உரையாடலை அவர் நகைச்சுவையாக வரைந்திருக்கிறார். பழைய பாட்டொன்று பாடுமாறு அவர் வேண்ட, அப்பெண்மணி தமக்கு ஒன்றும் தெரியாது என்கிறார். வற்புறுத்தியபின் அண்மையில் பரவிய பாட்டைப் பாடுகிறார். அதனினும் பழையது வேண்டும் என்றால் தேவாலயப் பாட்டைத் தொடங்குகிறார். பொறுமையே இத்துறையின் முதல் தகுதி. அவ்வாண்டுப் பயணத்தில்தான், ஐந்து சுரங்களால் மட்டுமே ஆகிய மிகப்பழைய ஹங்கேரிய மெட்டுகளை அவர் கண்டறிந்தார்.

தம் இனத்தின் தூய இசையைத் தேடிப் புறப்பட்டவர் ஹங்கேரியப் பாடல்களோடு நின்றிருக்கலாம். ஆனால், அண்டை ஊரில் ஸ்லோவாக்கியர் பாடினர். அடுத்த பள்ளத்தாக்கில் ருமேனியர் பாடினர். ஒரு மெட்டு எங்குப் பிறந்தது என்பதை அறிய, பக்கத்து ஊரின் பாட்டையும் கேட்டாக வேண்டும். எனவே, 1906 முதல் ஸ்லோவாக்கியப் பாடல்களையும் சில ஆண்டுகளுக்குப் பின் ருமேனியப் பாடல்களையும் திரட்டினார். அம்மக்களின் மொழிகளையும் முயன்று கற்றார். 1913இல் அல்ஜீரியாவின் பிஸ்க்ரா பகுதிக்கும் சென்று அரபு மக்களின் இசையைப் பதிவுசெய்தார். அவர் தொகுத்த ருமேனிய மெட்டுகள் 3,000-க்கும் மேற்பட்டவை. தாமே நேரிற்சென்று பதிந்த ஹங்கேரிய மெட்டுகளைவிட அவை மிகுதி.

அவற்றுள் நடன இசை தனிச்சிறப்புடையது. வயலின், புல்லாங்குழல், தோற்பையில் காற்றடைத்து ஊதும் துருத்திக்குழல் ஆகியவற்றில் வாசிக்கப்பட்ட ஆட்டமெட்டுகளை அவர் ஊர்தோறும் பதிந்தார். அவற்றிலிருந்து 1915இல் உருவானதே ருமேனிய நாட்டுப்புற நடனங்கள் என்னும் பியானோப் படைப்பு. அதன் முதல் பகுதியாகிய கோல்நடன மெட்டை ரோமா வயலின் கலைஞர் இருவரிடம் அவர் கேட்டறிந்தார். அப்படைப்பு இன்றும் உலகெங்கும் வாசிக்கப்படுகிறது.

முதல் உலகப்போர் அவருடைய பயணங்களைக் குலைத்தது. 1920இல் ஏற்பட்ட திரியனோன் உடன்படிக்கையால் ஹங்கேரி தன் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கை இழந்தது. திரான்சில்வேனியா ருமேனியாவுக்குரியதாயிற்று. நாடே துயரிலும் சினத்திலும் ஆழ்ந்திருந்த அவ்வாண்டில்தான், ருமேனியரின் இசை குறித்த பார்டோக்கின் ஆய்வுக்கட்டுரை ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. பகைவரின் பெருமையைப் பாடுகிறார் என்று புடாபெஸ்ட் நாளிதழ்கள் அவரைத் தாக்கின. பார்டோக் மறுப்பெழுதினார். பின்னாளில் ருமேனியத் தரப்பினரும் அவரைப் பழித்தனர். ஹங்கேரியின் நில உரிமைக்குச் சான்று தேடவே அவர் ஆய்வைப் பயன்படுத்துகிறார் என்றனர். இருபுறத்தாரும் குறைகூறிய அந்நிலையிலும் அவர் தம் ஆய்வைத் தொடர்ந்தார். இசையை இசையாகவே அளந்ததால் வந்த வினை இது.

1930இல் அவர் இயற்றிய காண்டாட்டா புரோஃபானா என்னும் பெரும்படைப்பு இவ்வுறுதிக்குச் சான்று. வேட்டையாடச் சென்ற ஒன்பது மக்கள் கலைமான்களாக மாறிவிடுகின்றனர். தந்தை அழைத்தும் அவர்கள் வீடு திரும்பவில்லை. இக்கதை, 1914இல் பார்டோக் கேட்டுப் பதிந்த ருமேனியப் பண்டிகைப் பாடல்களில் உள்ளது. அதற்கு ஹங்கேரிய மொழியில் சொல்வடிவம் தந்தவரும் பார்டோக்கே.

1934 முதல் ஹங்கேரிய அறிவியல் கழகத்தில் அமர்ந்து, பலரும் திரட்டிய 13,000-க்கும் மேற்பட்ட ஹங்கேரிய மெட்டுகளை வகைப்படுத்தினார். 1936இல் துருக்கி சென்று, அதானாப் பகுதியில் வாழ்ந்த நாடோடி மக்களின் பாடல்களைப் பதிந்தார். பழைய ஹங்கேரிய மெட்டுகளின் சாயல் அங்கும் ஒலிக்கக் கேட்டார்.

ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் ஜெர்மனியில் இசை நிகழ்ச்சி நடத்த அவர் மறுத்தார். இனத்தூய்மை பற்றி வினவிய படிவத்தை நிரப்பித் தருமாறு இசைப்பதிப்புரிமை அமைப்பொன்று கேட்டபோது, அவரும் கோடாயும் இசையவில்லை. தாய் மறைந்த பின்னர், 1940 அக்டோபரில், மனைவி தித்தாவுடன் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். ஹிட்லர், முசோலினி ஆகியோர் பெயரில் புடாபெஸ்ட்டில் சதுக்கங்கள் இருக்கும்வரை தம் பெயரை எத்தெருவுக்கும் சூட்டலாகாது என்று உயிலில் எழுதிவைத்தார்.

நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகம் அவருக்கு ஒரு பணி தந்தது. மில்மன் பாரி என்னும் அறிஞர் யுகோஸ்லாவியாவில் அலுமினியத் தட்டுகளில் பதிந்திருந்த செர்பிய, குரோவாசியப் பாடல்களைக் கேட்டு எழுதும் பணி அது. இனத்தூய்மைக் கொள்கை ஐரோப்பாவில் உயிர்களைப் பறித்துக்கொண்டிருந்த 1942இல், அவர் ஒரு கட்டுரை எழுதினார். இனங்கள் ஒன்றிடமிருந்து மற்றொன்று கொண்டும் கொடுத்துமே நாட்டுப்புற இசை வளம்பெற்றது என்று தம் களஆய்வின் துணைகொண்டு அதில் நிறுவினார்.

அப்போது இரத்தப் புற்றுநோய் அவரை வாட்டிக்கொண்டிருந்தது. 1943இல், மருத்துவமனையிலிருந்து மீண்ட இடைவெளியில், இசைக்குழுவுக்கான கான்செர்டோ என்னும் தம் புகழ்பெற்ற படைப்பை எழுதினார். மனைவிக்காக எழுதிய மூன்றாம் பியானோ கான்செர்டோவில் கடைசிப் பதினேழு இசையளவுகளுக்கு இசைக்குழு அமைப்பு நிறைவுறாதிருக்க, 1945 செப்டம்பர் 26 அன்று நியூயார்க்கில் மறைந்தார்.

தம் வாழ்நாளில் பதிப்பாளர் கிடைக்காமல் கையெழுத்துப் படியாகவே அவர் விட்டுச்சென்ற ருமேனிய இசைத்தொகுப்பு, 1967 முதல் ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது. அயல்மண்ணில் அடக்கம் செய்யப்பட்ட அவருடைய உடல் 1988இல் புடாபெஸ்ட்டுக்குக் கொண்டுவரப்பட்டு, அரசு மரியாதையுடன் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டது.