பங்குச்சந்தையில் கெய்ன்ஸ்: ஒரு பொருளியலாளரின் முதலீட்டு வாழ்க்கை

இருபதாம் நூற்றாண்டின் மிகச் செல்வாக்குள்ள பொருளியலாளர் என்று பரவலாகக் கருதப்படும் ஜான் மேனார்ட் கெய்ன்ஸ், ஒரு பங்குச்சந்தை முதலீட்டாளராக அவ்வளவாக அறியப்பட்டவர் அல்லர். மந்தநிலையின்போது அரசுகள் செலவிட வேண்டும் என்ற கொள்கையோடும், சர்வதேச நாணய நிதியத்துக்கு அடித்தளமிட்ட 1944ஆம் ஆண்டின் பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டோடும்தான் அவர் பெயர் இணைத்துப் பேசப்படுகிறது. ஆனால் 1919ஆம் ஆண்டிலிருந்து இறக்கும்வரை, தமது சொந்தப் பணத்தையும், ஒரு கல்லூரியின் பணத்தையும், காப்புறுதி நிறுவனங்களின் பணத்தையும் அவர் சந்தையில் நிர்வகித்து வந்தார்.

பங்குச்சந்தையில் புதிதாகக் கால் வைப்போர் முதலில் கேட்பது, இது நுழைவதற்கு ஏற்ற தருணமா என்பதே. வீடு, நகை, சீட்டு ஆகியவற்றில் சேமித்துப் பழகிய தமிழ்க் குடும்பங்களிலும் இந்தக் கேள்வி அடிக்கடி எழுகிறது. தருணத்தைக் கணிக்கும் தகுதி யாருக்காவது இருந்திருக்குமானால் அது கெய்ன்ஸுக்கு இருந்திருக்க வேண்டும். அவருக்கு என்ன நேர்ந்தது என்பதால்தான் அவரது முதலீட்டு வாழ்க்கை இன்றும் ஆராயப்படுகிறது.

கெய்ன்ஸ் 1883ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் தேதி கேம்பிரிட்ஜில் பிறந்தார். தந்தை நெவில் கெய்ன்ஸும் பொருளியலாளர். ஈட்டன் பள்ளியிலும் கிங்ஸ் கல்லூரியிலும் படித்த பின்னர், 1906ஆம் ஆண்டு லண்டனில் இருந்த இந்திய அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். இரண்டு ஆண்டுகளில் அந்த வேலையை விட்டுவிட்டாலும், 1913இல் வெளிவந்த அவரது முதல் நூல் இந்தியாவின் நாணய முறையைப் பற்றியதாகவே அமைந்தது. ரூபாயைப் பற்றி ஒரு நூலே எழுதிய அவர் இந்தியாவுக்கு ஒருமுறைகூடச் சென்றதில்லை.

முதலாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் நிதியமைச்சில் பணியாற்றிய கெய்ன்ஸ், ஜெர்மனி மீது சுமத்தப்பட்ட இழப்பீட்டை எதிர்த்து 1919இல் பதவி விலகினார். அதே ஆண்டில் நாணயச் சந்தையில் ஊக வணிகத்தில் இறங்கினார். போரினால் நலிந்த ஐரோப்பாவின் நாணயங்கள் சரியும், அமெரிக்க டாலர் உயரும் என்பது அவரது கணிப்பு. முழுத் தொகையையும் செலுத்தாமல், ஒரு பகுதியை மட்டும் முன்வைப்பாகக் கட்டி அவர் இந்த வணிகத்தைச் செய்தார். நண்பர்களும் உறவினர்களும் அவரை நம்பிப் பணம் கொடுத்திருந்தனர்.

1920ஆம் ஆண்டு மே மாதத்தில் ஐரோப்பிய நாணயங்கள் சில வாரங்களுக்கு மேலேறின. முன்வைப்புத் தொகை முழுவதும் கரைந்துபோனது. நிதியாளர் சர் எர்னஸ்ட் காசலிடம் பெற்ற 5,000 பவுண்டு கடன்தான் அவரைத் திவாலிலிருந்து காப்பாற்றியது. 1923ஆம் ஆண்டில் ஜெர்மன் மார்க் மதிப்பே இல்லாத காகிதமானது. கெய்ன்ஸின் கணிப்பு சரியாகவே இருந்தது. ஆனால் கடன் வாங்கி வணிகம் செய்தவரால் அந்த நாள்வரை தாக்குப்பிடிக்க முடியவில்லை.

கடன்களை 1922ஆம் ஆண்டு முடிவதற்குள் அவர் அடைத்துவிட்டார். கணிக்கும் ஆசை மட்டும் அடங்கவில்லை. வட்டி விகிதம், கடன் வழங்கல், தொழில் நிலவரம் ஆகியவற்றைக் கவனித்து, ஏற்றத்துக்கு முன்பு பங்குகளை வாங்கி, இறக்கத்துக்கு முன்பு விற்றுக் கடன் பத்திரங்களுக்கு மாறுவது என்பதே 1920களில் அவர் கைக்கொண்ட முறை. ரப்பர், தகரம், பருத்தி போன்ற சரக்குகளிலும் அவர் பெருமளவில் ஈடுபட்டார்.

ரப்பர் விவகாரம் தமிழர்களுக்குத் தொடர்பில்லாதது அல்ல. மலாயாவிலும் இலங்கையிலும் இருந்து ரப்பர் ஏற்றுமதியாவதைக் கட்டுப்படுத்தி விலையை உயர்த்தி வைத்திருந்த ஸ்டீவன்சன் திட்டத்தைக் கைவிடப்போவதாக 1928 ஏப்ரலில் பிரிட்டிஷ் அரசு அறிவித்தது. ரப்பர் விலை சரிந்தது. தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ்த் தொழிலாளர்களின் கூலியைத் தொடர்ந்து வந்த ஆண்டுகளில் பதம்பார்த்த அந்தச் சந்தைதான், விலை ஏறும் என்று நம்பியிருந்த கெய்ன்ஸையும் வீழ்த்தியது. இழப்பை ஈடுகட்ட அவர் பங்குகளை விற்க நேர்ந்தது. 1927ஆம் ஆண்டு இறுதியில் சுமார் 44,000 பவுண்டாக இருந்த அவரது சொத்து, 1929 இறுதியில் 8,000 பவுண்டுக்கும் கீழே இறங்கியது. அரசாங்கங்களுக்கே ஆலோசனை கூறிய அவர், 1929ஆம் ஆண்டு வால் ஸ்ட்ரீட் சரிவையும் முன்கூட்டிக் காணவில்லை.

கிங்ஸ் கல்லூரியின் பொருளாளர் பொறுப்பும் அவரிடம் இருந்தது. அக்காலக் கல்லூரிகள் நிலத்தையும் அரசுக் கடன் பத்திரங்களையுமே பாதுகாப்பானவை என்று நம்பின. நிறுவனப் பங்குகள் சூதாட்டத்துக்குச் சமமாகவே பார்க்கப்பட்டன. 1920இல் சுமார் 30,000 பவுண்டில் செஸ்ட் என்ற தனி நிதியத்தைத் தொடங்கி, பங்குகளை வாங்குவதற்குக் கெய்ன்ஸ் வழி செய்தார். நல்ல நிறுவனம் ஒன்று தனது இலாபம் முழுவதையும் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதில்லை, ஒரு பகுதியைத் தொழிலிலேயே மறுபடியும் போடுகிறது, ஆகவே பங்குதாரரின் முதல் கூட்டு வட்டியைப் போல வளர்கிறது என்ற கருத்தை அவர் 1925ஆம் ஆண்டிலேயே கவனப்படுத்தியிருந்தார். நீண்டகாலப் பங்கு முதலீட்டுக்கு இன்றுவரை சொல்லப்படும் அடிப்படை நியாயம் இதுதான்.

ஆனால் தாம் எழுதியதைத் தாமே பின்பற்ற அவருக்கு மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. 1930களின் தொடக்கத்தில்தான் மாற்றம் வந்தது. சந்தை எந்தப் பக்கம் திரும்பும் என்று ஆராய்வதை அவர் படிப்படியாகக் கைவிட்டு, இந்த நிறுவனம் எப்படிப்பட்டது, இதை நடத்துபவர்கள் யார், இதன் சொத்துக்கும் ஈட்டும் திறனுக்கும் ஒப்பிட விலை மலிவா என்று மட்டும் பார்க்கலானார். ஆஸ்டின், லேலண்ட் ஆகிய மோட்டார் நிறுவனங்கள், தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் துறையின் யூனியன் கார்ப்பரேஷன், மந்தநிலைக் காலத்தில் யாரும் சீண்டாதிருந்த அமெரிக்க மின்சார நிறுவனங்களின் முன்னுரிமைப் பங்குகள் ஆகியவற்றை வாங்கி, விலை விழுந்தபோதும் பெரும்பாலும் கைவிடாமல் வைத்திருந்தார். வாங்குவதும் விற்பதும் குறைந்துகொண்டே வந்தன.

1936ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது புகழ்பெற்ற நூலான பொதுக் கோட்பாட்டின் பன்னிரண்டாம் அத்தியாயம் இந்த அனுபவத்திலிருந்து பிறந்தது என்றே கொள்ளலாம். பத்திரிகை ஒன்றின் அழகிப் போட்டியில், தமக்குப் பிடித்த முகத்தை விட்டுவிட்டு, மற்றவர்களுக்கு எந்த முகம் பிடிக்கும் என்று ஊகிப்பவர்களோடு அங்கே அவர் சந்தை ஊகக்காரர்களை ஒப்பிடுகிறார்.

1937இல் அமெரிக்காவில் மீண்டும் சரிவு வந்தது. அதே ஆண்டில் கெய்ன்ஸ் கடுமையான மாரடைப்புக்கும் உள்ளானார். செஸ்ட் நிதியத்தின் மதிப்பு 1938இல் சுமார் 40 சதவீதம் வீழ்ந்தது. அவர் தலைவராக இருந்த நேஷனல் மியூச்சுவல் காப்புறுதி நிறுவனத்தில் சக இயக்குநர்கள் அவரது முதலீடுகளைக் குறை கூறினர். பங்குகளை விற்றுவிடலாம் என்ற குரலும் எழுந்தது. அடிமட்ட விலையில் விற்று ஓடுவது முதலீட்டாளரின் கடமை அல்ல, இத்தகைய வீழ்ச்சிகளைத் தன்னைத் தானே நொந்துகொள்ளாமல் தாங்குவதே கடமை என்பது அவரது நிலைப்பாடாக இருந்தது. அந்த ஆண்டிலேயே தலைவர் பதவியிலிருந்து விலகினார்.

ஒரே மனிதர் நிர்வகித்த இரண்டு பணப்பைகளுக்கு இந்தச் சரிவில் நேர்ந்த கதி வெவ்வேறு. கல்லூரியால் பங்குகளை வைத்துக்கொண்டு காத்திருக்க முடிந்தது. கெய்ன்ஸோ தமது சொந்தக் கணக்கில் மறுபடியும் பெருங்கடன் வாங்கியிருந்தார். அதை அடைப்பதற்காக, விற்க விருப்பமில்லாத பங்குகளை விழுந்த விலையில் விற்றார். 1936 இறுதியில் 5 லட்சம் பவுண்டைத் தாண்டியிருந்த அவரது சொத்து, 1938 இறுதியில் 2 லட்சத்துக்கும் கீழே போனது. 1920இல் சுட்ட அதே நெருப்பு இது.

கல்லூரியின் ஆவணங்களை அண்மைக் காலத்தில் ஆராய்ந்த டேவிட் சேம்பர்ஸ், எல்ராய் டிம்சன் ஆகிய பேராசிரியர்கள், கெய்ன்ஸின் பொறுப்பில் இருந்த முதலீடுகள் கால் நூற்றாண்டுக் காலத்தில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 16 சதவீதமும், பிரிட்டிஷ் பங்குச்சந்தை சுமார் 10 சதவீதமும் ஈட்டியதாகக் கணக்கிட்டுள்ளனர். சந்தையைக் கணிக்க முயன்ற 1920களில் அவர் சந்தையைவிடப் பின்தங்கியே இருந்தார் என்பதும், முறையை மாற்றிய பிறகே முந்தினார் என்பதும் அவர்களது முடிவு.

இதைப் படித்துவிட்டுப் புதிய முதலீட்டாளர் ஒருவர் கெய்ன்ஸைப் போல நாலைந்து நிறுவனங்களில் பணத்தைக் குவிப்பது ஆபத்தானது. நிறுவனங்களின் இயக்குநர்களை நேரில் அறிந்திருந்த வசதி அவருக்கு இருந்தது. அவர் காலத்தில் இல்லாத வேறொரு வழி இன்று உண்டு. சந்தையிலுள்ள நூற்றுக்கணக்கான நிறுவனங்களை ஒரே தொகுப்பாகக் குறைந்த செலவில் வாங்க உதவும் குறியீட்டு நிதியம், சாதாரண முதலீட்டாளர்களுக்கென 1976இல் அமெரிக்காவில் அறிமுகமானது. பிரிட்டனில் 2012 முதல் தொழிலாளர்கள் ஓய்வூதியத் திட்டங்களில் தாமாகவே சேர்க்கப்படுவதால், அங்குள்ள தமிழர்களில் பலர் தம்மையறியாமலே பங்கு முதலீட்டாளர்களாக இருக்கிறார்கள்.

நீண்டகாலம் என்பது எவ்வளவு நீளம் என்பதிலும் எச்சரிக்கை தேவை. ஜப்பானின் நிக்கேய் குறியீடு 1989 டிசம்பரில் தொட்ட உச்சத்தை மீண்டும் தாண்டியது 2024 பிப்ரவரியில்தான். முப்பத்து நான்கு ஆண்டுகள் ஒரு கல்லூரிக்குப் பெரிதல்ல. ஐம்பது வயதில், ஒரே நாட்டின் சந்தையில், ஒரே தவணையில் சேமிப்பு முழுவதையும் போட்டவருக்கு அது ஆயுள்.

1936ஆம் ஆண்டு லண்டனில் ஏலத்துக்கு வந்த ஐசக் நியூட்டனின் கையெழுத்துப் பிரதிகளில் பலவற்றைக் கெய்ன்ஸ் வாங்கிச் சேர்த்தார். 1720ஆம் ஆண்டு தென்கடல் நிறுவனப் பங்குகளின் வீக்கத்தில் பெரும் பணத்தை இழந்தவர் நியூட்டன். கெய்ன்ஸ் 1946ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் தேதி, தமது 62ஆவது வயதில், சசெக்ஸில் உள்ள டில்டன் இல்லத்தில் மாரடைப்பால் காலமானார். அப்போது செஸ்ட் நிதியத்தின் மதிப்பு சுமார் 3 லட்சத்து 80 ஆயிரம் பவுண்டு. நியூட்டனின் அந்தப் பிரதிகளைக் கெய்ன்ஸ் கிங்ஸ் கல்லூரிக்கே விட்டுச் சென்றார்.