பீத்தோவன் காதுக்குள் கேட்ட இரைச்சல்: மின்சார சிகிச்சையை அப்போதே விசாரித்தவர்!

காதுக்குள்ள ‘ஙொய்’னு ஒரு சத்தம். ராத்திரி பகல்னு நிக்கவே இல்லைன்னா எப்படி இருக்கும்? அதுவும் காதை நம்பியே பிழைப்பு நடத்துபவருக்கு?

இசை மேதை பீத்தோவனுக்கு நடந்தது அதுதான். 1770-ல் ஜெர்மனியின் பான் நகரில் பிறந்தவர், 1792-ல் வியன்னாவுக்குக் குடிபெயர்ந்தார். அவருடைய பியானோ வாசிப்பை ஊரே கொண்டாடியது. ஆனால் 30 வயதை நெருங்கும்போதே காது இரையத் தொடங்கியது. கேட்கும் திறனும் குறைந்தது. இந்த இரைச்சலைத்தான் இன்று ‘டின்னிடஸ்’ என்கிறோம்.

விஷயம் வெளியே தெரிந்தால் எதிரிகள் என்ன பேசுவாங்களோ என்ற பயம். காது கேட்கலைன்னு சொல்லக் கூசி, கூட்டங்களையே தவிர்த்தார். பாதாம் எண்ணெய், டான்யூப் நதி நீரில் வெதுவெதுப்பான குளியல், கையில் கொப்புளம் எழுப்பும் மரப்பட்டை என டாக்டர்கள் எதையெதையோ முயன்றார்கள். இரைச்சல் போகவில்லை.

1800-ல்தான் இத்தாலியின் வோல்டா தன் மின்கலத்தை உலகுக்கு அறிவித்திருந்தார். இரண்டு காதுகளிலும் உலோகக் கம்பியைச் செருகி, மின்சாரம் பாய்ச்சியும் பார்த்தார். தலைக்குள் ஒரு அதிர்ச்சி, ஏதோ கொதிப்பது போல ஒரு சத்தம். மறுபடி அந்த விஷப்பரீட்சையில் அவர் இறங்கவில்லை.

மறு வருஷமே பீத்தோவன், டாக்டர் நண்பரான வெகலருக்கு எழுதிய கடிதத்தில் மின்சார சிகிச்சை பற்றிக் கருத்துக் கேட்டார். பெர்லினில் ஒரு குழந்தைக்கு அதனால் காது கேட்டதாக அவர் கேள்விப்பட்டிருந்தார்.

1802-ல் தற்கொலை எண்ணம் வரை போனார். இசைதான் தடுத்தது. தம்பிகளுக்கு எழுதி, அனுப்பாமல் வைத்திருந்த அந்தக் கடிதம் அவர் இறந்த பிறகே கிடைத்தது. 1824-ல் ஒன்பதாவது சிம்பொனி அரங்கேறியபோது, பின்னால் எழுந்த கைதட்டல் அவருக்குக் கேட்கவில்லை. பாடகி ஒருவர்தான் அவரைத் திருப்பி, கூட்டத்தைக் காட்டினார்.

அவர் யோசித்ததில் அர்த்தம் இருந்ததா? இருந்தது. காதிலிருந்து வரும் சிக்னல் குறையும்போது மூளை தானாகவே ‘வால்யூமை’க் கூட்டுவதால் இரைச்சல் கேட்கலாம் என்பது இன்று முன்வைக்கப்படும் முக்கிய விளக்கம். செவி நரம்பை மின்சாரத்தால் தூண்டும் காக்ளியர் இம்பிளான்ட், கேட்க வைப்பதோடு பலருக்கு இரைச்சலையும் குறைக்கிறது. ஒலியோடு சேர்த்து நாக்கின் நரம்புகளை லேசாகத் தூண்டும் கருவிக்கு 2023-ல் அமெரிக்கா அனுமதி தந்தது. ஆனா, முழுசா குணமாக்கும் சிகிச்சை இன்னும் வரவில்லை.

1827 மார்ச் 5-ல் வோல்டா இறந்தார். மூன்றே வாரத்தில், மார்ச் 26-ல் பீத்தோவனும் விடைபெற்றார். கடைசிவரை அவருக்குக் காது சரியாகவே இல்லை.