சோப்பு வாங்கப் போனா கூடை நிறையுதா? இவர்தான் காரணம்!

ஸ்ரீரங்கத்துப் பழைய மளிகைக் கடையில நீங்க சீட்டை நீட்டினா போதும், கடைக்காரரே எடுத்துக் கட்டிக் கொடுப்பார். திருச்சி சூப்பர் மார்க்கெட்ல? கூடையோட நீங்கதான் சுத்தணும்.

இந்தப் பழக்கத்துக்கு வழி போட்டவர் கிளாரன்ஸ் சாண்டர்ஸ். 1916-ல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் 'பிக்லி விக்லி' கடையைத் திறந்தார். உள்ளே ஒரே பாதை. எல்லா அலமாரியையும் கடந்தாத்தான் பில் போடுற இடம் வரும். ஆள் செலவு குறைஞ்சது. நினைக்காத பொருளும் கூடைக்கு வந்தது. 1917-ல் இந்த அமைப்புக்குக் காப்புரிமை வாங்கினார். கிளைகள் பெருகின.

ஆனா, பங்குச்சந்தைச் சண்டையில் பணத்தை இழந்து, 1923-ல் கம்பெனியையே விட்டு வெளியேறினார். ஆசையா கட்டின மாளிகையும் போச்சு. பிறகு அது மியூசியம் ஆச்சு. அடுத்து ஆரம்பிச்ச தானியங்கிக் கடையும் நிலைக்கலை. 1953-ல் காலமானார். அவர் போட்ட பாதையில நாம இன்னும் நடக்கிறோம்.

அடுத்த தடவை லிஸ்ட்டோட போங்க. கடை காட்டுற வழியில கால் போகட்டும், கை போக வேண்டாம்!