ஆர்தர் கோனன் டாயில்

உலகெங்கும் விரும்பிப் படிக்கப்பெறும் துப்பறியும் கதைகளுள் ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகள் புகழ்மிக்கவை. அவற்றைப் படைத்த ஆர்தர் கோனன் டாயில், ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் 1859ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் பிறந்தார். அங்கேயே மருத்துவம் பயின்றார். நோயாளியைப் பார்த்த அளவிலேயே அவரது தொழிலைக் கூறவல்லவர் பேராசிரியர் ஜோசப் பெல். அவரை முன்மாதிரியாகக் கொண்டே டாயில் துப்பறிவாளர் ஹோம்ஸைப் படைத்தார். 1887இல் முதற்கதை வெளிவந்தது. நான்கு புதினங்களும் 56 சிறுகதைகளும் ஹோம்ஸைப் பற்றி எழுதப்பட்டன.

1890இல் வெளிவந்த 'தி சைன் ஆஃப் ஃபோர்' என்னும் புதினத்தில் அந்தமான் தீவுகளும் இடம்பெறுகின்றன. அங்குச் சிறைப்பட்டிருந்த கைதி ஒருவனும், தீவின் பழங்குடியினர் ஒருவரும் கதைமாந்தர்களாக வருகின்றனர். அந்தமான் பழங்குடியினரை மனிதரை உண்போராக அக்கதை காட்டுகிறது. அஃது உண்மையன்று. டாயில் அத்தீவுகளை நேரில் காணாமல், அக்காலத்தில் பரவியிருந்த தவறான செய்திகளை நம்பி எழுதினார். சான்றின்றி முடிவு செய்யலாகாது என்பது ஹோம்ஸின் கொள்கை. அதனை, அவரைப் படைத்தவரே இங்கு மறந்தார்.

பின்னாளில் டாயில் அக்கொள்கையின் வழி நின்றார். இந்தியப் பார்சி ஒருவரின் மகனான ஜார்ஜ் எடல்ஜி என்னும் வழக்குரைஞர், இரவில் குதிரையொன்றைக் காயப்படுத்தியதாக இங்கிலாந்தில் 1903இல் சிறைத்தண்டனை பெற்றார். அவரை நேரில் சந்தித்த டாயில், அவர் செய்தித்தாளைக் கண்ணருகே வைத்துப் படிப்பதைக் கண்டார். பார்வை குன்றிய ஒருவரால் இருளில் வயல்களைக் கடந்து அச்செயலைச் செய்ய இயலாது எனச் சான்றுகளுடன் நாளிதழில் எழுதினார். 1907இல் அரசு அக்குற்றத்திலிருந்து எடல்ஜிக்கு மன்னிப்பு வழங்கியது.

டாயில் 1930ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் மறைந்தார். ஹோம்ஸ் கதைகள் மாணவர்கள் படித்து மகிழத்தக்கவை. ஹோம்ஸைப் போலவே, கதை கூறுவதையும் சான்று தேடியே ஏற்றல் வேண்டும்.