உடை மாற்றிய மறைப்பணியாளர் மத்தேயோ ரிச்சி

சுற்றியுள்ள சமுதாயத்தோடு கலந்தால் விசுவாசம் நீர்த்துப்போகும் என அஞ்சுவோர் நம்மில் உண்டு. இத்தாலியில் 1552-இல் பிறந்த இயேசு சபைக் குரு மத்தேயோ ரிச்சியின் வழிமுறையைக் குறித்தும் இதே அச்சம் எழுந்தது.

1583-இல் சீனாவில் குடியேறியபோது அவர் புத்தத் துறவியரின் அங்கியை அணிந்தார். ஆனால் மதிப்பும் ஆட்சியும் கன்பூசிய அறிஞர்களிடமே இருந்தன. அதை உணர்ந்து, 1595-இல் தாடி வளர்த்து அறிஞரின் பட்டாடைக்கு மாறினார். உடை மாற்றுவது எளிது. அவர்களுடைய நூல்களை அவர்களைப் போலவே கற்றதுதான் அரிது. (நம்மில் பலர் உடையோடு நின்றுவிடுகிறோம்.) திருமுழுக்குப் பெற்ற அறிஞர் சூ குவாங்சியுடன் சேர்ந்து, யூக்ளிடின் வடிவக்கணித நூலின் முதல் ஆறு பகுதிகளை 1607-இல் சீன மொழியில் வெளியிட்டார். கணிதமா மறைப்பணி எனக் கேட்கலாம். அறிஞர்களின் வீட்டுக் கதவுகள் அதனால்தான் திறந்தன.

முன்னோருக்குச் செலுத்தும் வணக்கம் சிலைவழிபாடு அல்ல, பிள்ளைகளின் நன்றிக்கடன் என்று கருதிய ரிச்சி, புதிய கிறிஸ்தவர்கள் அதைத் தொடர அனுமதித்தார். 1610-இல் பெய்ஜிங்கில் அவர் இறந்தபோது பேரரசரே கல்லறைக்கு இடம் கொடுத்தார். பின்னர் மறைப்பணியாளர்களே இதை எதிர்த்தனர். 1742-இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் உறுதியாகத் தடை விதித்தார். பெற்றோரின் நினைவா, திருச்சபையா என்று குடும்பங்கள் தவித்தன. 1939-இல்தான் உரோமை அந்த வணக்கத்தை அனுமதித்தது. 2022-இல் திருத்தந்தை பிரான்சிஸ், ரிச்சியை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தார்.